புல்லுக்கு ஏற்றது காரமே

நன்றாக உலர்ந்த நெல் வைக்கோல் 1 டன் எடுத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 350 கிலோ செல்லுலோஸும் 220 கிலோ ஹெமிசெல்லுலோஸும் இருக்கும். இரண்டுமே சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலிகள். நீர் சேர்த்து அவற்றை முழுமையாக உடைத்தால், எடை சற்றுக் கூடி, 390 கிலோ குளுக்கோஸும் 250 கிலோ அளவுக்குச் சைலோஸ் முதலிய ஐந்து கார்பன் சர்க்கரைகளும் கிடைக்க வேண்டும். 1 கிலோ சர்க்கரை முழுதாக நொதித்தால் 0.51 கிலோ எத்தனால் என்பது வேதியியல் கணக்கு. ஆக, 1 டன் வைக்கோலுக்கு 400 லிட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். 2022 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பானிபட் ஆலைக்கு அறிவிக்கப்பட்ட திறனோ, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 150 லிட்டர். வைக்கோலோடு வரும் ஈரம், மண், நொதித்தலில் ஏற்படும் இழப்பு என இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால், இத்துறையில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்து இன்றும் அதே வட்டத்தில் வேலை செய்துவருபவன் என்ற முறையில், எல்லாவற்றுக்கும் முதலாக நான் சுட்டுவது முன்நேர்த்தியைத்தான். அதாவது, நொதிகளைச் சேர்ப்பதற்கு முன்பே வைக்கோலின் செல்சுவரைத் தளர்த்தி வைக்கும் படியை.

அந்தப் படியைத் தவிர்த்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை எந்த ஆய்வகத்திலும் எளிதில் பார்க்கலாம். வைக்கோலை மாவாக அரைத்து, செல்லுலோஸை உடைக்கும் நொதிகளைத் தாராளமாகச் சேர்த்து, 50 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் குலுக்கினாலும், உள்ளிருக்கும் செல்லுலோஸில் பெரும்பாலும் கால் பங்குகூடக் குளுக்கோஸாக மாறுவதில்லை. நொதிகள் திறமையற்றவை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்தித் துணிகளையும் கூடாரங்களையும் மக்கச் செய்த டிரைக்கோடெர்மா பூஞ்சையின் வழித்தோன்றல்களே இன்றும் இவற்றைச் சுரக்கின்றன. பருத்தியை அவை அநாயாசமாகத் தின்று தீர்க்கும். பருத்தி கிட்டத்தட்ட முழுவதும் செல்லுலோஸ். வைக்கோலிலோ, செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸும், அவற்றுக்கு இடையில் செல்சுவரை இறுக்கும் பசை போன்ற லிக்னினும் இறுகிக் கிடக்கின்றன. நொதி மூலக்கூறு ஒன்றின் குறுக்களவு 5 நானோமீட்டர் அளவில் இருக்க, செல்சுவரில் உள்ள துளைகளில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. உள்ளே நுழையவே வழியில்லாதபோது நொதியின் விலையைப் பற்றியும் திறனைப் பற்றியும் பேசிப் பயனில்லை.

இதுவரை சொன்னது மரத்துக்கும் பொருந்தும். புல் வேறுபடும் இடம் இனிமேல்தான் வருகிறது. நெல், கோதுமை, கரும்பு, மக்காச்சோளம், நேப்பியர், அமெரிக்கச் சமவெளிகளின் ஸ்விட்ச்கிராஸ், ஏன், மூங்கில்கூடப் புல் குடும்பமே. இவற்றின் ஹெமிசெல்லுலோஸ் பெரும்பாலும் சைலோஸ் சங்கிலியில் ஆங்காங்கே அரபினோஸ் கிளைத்த அரபினோசைலான். அந்த அரபினோஸ் கிளைகளில் சிலவற்றின் நுனியில் ஃபெருலிக் அமிலம் எஸ்டர் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. அதன் மறுமுனை அருகிலுள்ள லிக்னினோடோ இன்னொரு ஃபெருலிக் அமிலத்தோடோ சேர்ந்துகொள்கிறது. சர்க்கரைச் சங்கிலியையும் லிக்னினையும் பிணைக்கும் முடிச்சு இதுதான். மரங்களில் இந்த முடிச்சு இந்த அளவுக்குக் கிடையாது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வைக்கோல் தண்டை மெல்லிய குறுக்குவெட்டாகச் சீவி, புற ஊதா ஒளி பாய்ச்சும் நுண்ணோக்கியில் வைத்தால், செல்சுவர்கள் நீல நிறத்தில் ஒளிர்கின்றன. கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு அம்மோனியாவை விட்டால், அது பரவப் பரவ நீலம் மெல்லப் பச்சையாக மாறிக்கொண்டே போகும். சுவரில் இருக்கும் ஃபெருலிக் அமிலம் காரச் சூழலில் காட்டும் குணம் அது. எத்தனையோ கருவிகளில் எத்தனையோ வரைபடங்களைப் பார்த்திருந்தாலும், இப்பொருளைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது அந்த நிறமாற்றம்தான். பைன் மரச் சீவலில் அதே சொட்டை விட்டால் இந்தக் காட்சி கிடைக்காது.

எஸ்டர் பிணைப்பைக் காரம் அறுக்கும். எண்ணெயோடு காஸ்டிக் சோடாவைச் சேர்த்துச் சோப்பு காய்ச்சும்போது நடப்பதும் அதே வினைதான். ஆகவே புல்லின் முடிச்சை அவிழ்க்க 200 டிகிரி வெப்பமும் கந்தக அமிலமும் தேவையில்லை. மிதமான காரம் போதும். இது இத்துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. அப்படியிருந்தும், பல்லாண்டுகளாக ஆய்வுப் பணமும் ஆலை முதலீடும் பெரும்பாலும் அமிலத்தின் பக்கமே சென்றன. அதற்கான காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1819இல் பிரான்சின் ஆன்றி பிராக்கோனோ கந்தக அமிலத்தைக் கொண்டு கந்தல் துணியிலிருந்தும் மரத்திலிருந்தும் சர்க்கரை எடுத்துக் காட்டினார். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியின் ஷோலர் முறையும், சோவியத் ஒன்றியத்தில் எழுந்த மரச்சர்க்கரை ஆலைகளும் அமிலத்தையே நம்பின. அமெரிக்காவில் வில்லியம் மேசன் 1920களில் மரச்சீவலை உயர் அழுத்த நீராவியில் வைத்துச் சட்டென்று அழுத்தத்தை விடுவித்து நாராக்கினார். அவர் செய்தது பலகைக்காக. எல்லாமே மரத்தை மனத்தில் வைத்து உருவான முறைகள். பிற்காலத்தில் மக்காச்சோளத் தட்டையும் வைக்கோலும் மூலப்பொருளாக வந்தபோது, கையில் இருந்த கருவி அமிலமாக இருந்தது.

அமிலத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. 1 சதவீத அளவிலான கந்தக அமிலத்தில் 160 டிகிரியில் சில நிமிடங்கள் வைத்தால் ஹெமிசெல்லுலோஸ் ஏறக்குறைய முழுவதும் சைலோஸாகக் கரைந்து வந்துவிடும். அமிலம் மலிவு, வினை விரைவு. ஆனால் எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதுதான் தலைவலி. வெப்பத்தையும் நேரத்தையும் ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்லும் கடுமைக் காரணி ஒன்றை ஓவரெண்டும் ஷோர்னேயும் 1987இல் முன்வைத்தார்கள். அதன்படி, ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வினையின் கடுமை ஏறத்தாழ இரட்டிக்கும். 170 டிகிரியில் பத்து நிமிடம் வைப்பதும் 180 டிகிரியில் ஐந்து நிமிடம் வைப்பதும் ஒன்றுதான். ஆய்வகத்தின் சிறு கலனில் இதைக் கட்டுப்படுத்தலாம். டன் கணக்கில் வைக்கோல் நகரும் கலனில், நடுவில் இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை. ஒரு பகுதி வேகாமலும் ஒரு பகுதி கருகியும் வரும். கருகும் பகுதியில் சைலோஸ் ஃபர்ஃபுராலாக மாறுகிறது. சர்க்கரையை நொதித்து எத்தனாலாக்கும் ஈஸ்டுக்கு அது நஞ்சு. ஓட் உமியை அமிலத்தில் வேகவைத்து, ஃபர்ஃபுராலையே விற்பனைப் பொருளாக குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1922 முதல் தயாரித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சரக்காக இருப்பது எத்தனால் ஆலைக்குக் கழிவு.

அமிலத்தின் இன்னொரு குறை நுண்ணோக்கியில்தான் தெரியவரும். அந்த வெப்பத்தில் லிக்னின் இளகி, இடம்பெயர்ந்து, ஆறும்போது செல்லுலோஸ் இழைகளின் மேற்பரப்பில் சிறு சிறு உருண்டைகளாகப் படிந்துவிடுகிறது. பின்னர் வரும் நொதி அந்த உருண்டைகளில் ஒட்டிக்கொண்டு வீணாகிறது. லிக்னின் வெளியேறவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அமில நேர்த்திக்கு உட்பட்ட பொருளில் லிக்னினின் சதவீதம் கூடித் தெரிவதும் இதனால்தான்: ஹெமிசெல்லுலோஸ் போன பிறகு எஞ்சுவதில் அதன் பங்கு பெரிதாகிறது.

காரத்தின் கதை மாட்டுத் தீவனத்திலிருந்து தொடங்குகிறது. முதல் உலகப் போர்க்காலத் தீவனத் தட்டுப்பாட்டின்போது ஜெர்மானிய வேதியியலாளர் எர்ன்ஸ்ட் பெக்மன், வைக்கோலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி மாட்டுக்குக் கொடுக்கும் முறையை வகுத்தார். நம் ஊரில் கால்நடைத் துறையினர் பரிந்துரைத்துவரும் யூரியா வைக்கோலும் இந்த இனம்தான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரம் வைக்கச் சொல்வார்கள். யூரியா சிதைந்து அம்மோனியாவாகி வைக்கோலுக்குள் ஊறி, சொன்ன அந்த எஸ்டர் முடிச்சுகளில் ஒரு பகுதியை அறுக்கிறது. மூடியைத் திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடியும், பொன்னிறம் போய்ப் பழுப்பேறிய தாளும் வேலை நடந்திருப்பதற்கு அடையாளம். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு உதவுவது எதுவோ, அது ஆலையின் நொதிகளுக்கும் உதவும். எரிபொருள் ஆய்வில் இருப்பவர்கள் கால்நடை ஊட்டச்சத்து நூல்களை இன்னும் கூடுதலாகப் படிக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

ஆய்வகத்தில் இதன் வேகமான வடிவம், வைக்கோலின் எடையில் 10 சதவீதம் அளவுக்குக் காஸ்டிக் சோடாவைச் சேர்த்து ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் வைப்பது. குடுவையைத் திறந்தால் கரைசல் கருத்திருக்கும். துணியில் வடிகட்டிக் கையில் எடுத்தால், வைக்கோல் மொரமொரப்பை இழந்து, ஊறிய பருத்தி நூலைப்போல் வழுவழுப்பாக நெகிழும். அதைக் கழுவத் தொடங்கும்போதுதான் காரத்தின் மறுபக்கம் தெரிகிறது. வடியும் நீர் நிறமற்று நடுநிலைக்கு வரும்வரை கழுவ வேண்டும். ஒரு கைப்பிடி வைக்கோலுக்கு வாளி வாளியாக நீர் போகிறது. நொதி முடிவுகளை அழகான வரைபடமாக வெளியிடும் ஆய்வுரைகளில், கழுவப் பயன்பட்ட நீரின் அளவு ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை. கரைசலோடு சேர்ந்து சைலானின், அதாவது புல்லின் ஹெமிசெல்லுலோஸின், ஒரு பங்கும் போய்விடுகிறது. காரம் கடுமையானால் அந்த இழப்பும் கூடுகிறது.

நெல் வைக்கோலுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. வைக்கோல் தாளின் விளிம்பில் விரலை ஓட்டினால் கீறுவது இதனால்தான். சிலிக்கா காரத்தில் கரையும். கரைந்த பிறகு, கருங்கரைசலைச் செறிவாக்கி எரித்துக் காஸ்டிக் சோடாவை மீட்கும் இடத்தில் ஆவியாக்கிகளின் உட்புறம் கண்ணாடிபோல் படிந்து அடைக்கும். வைக்கோலிலிருந்து காகிதக் கூழ் எடுத்த ஆலைகள் நெடுங்காலம் அவதிப்பட்டது இதே படிவால். கரும்புச் சக்கையில் சிலிக்கா குறைவு. கரூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையையே முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு 1980களிலிருந்து காகிதம் செய்துவருகிறது. சக்கை, சர்க்கரை ஆலையிலேயே நசுக்கிக் கழுவப்பட்டு, ஒரே இடத்தில் குவிந்து கிடைக்கும் பொருள் என்ற வசதியும் அதற்கு உண்டு. வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலுக்கு அந்த வசதி கிடையாது.

காரத்தின் நன்மையை வைத்துக்கொண்டு கழுவும் தொல்லையை விடுவதற்கு ஒரு வழி அம்மோனியா. அது ஆவியாகும் காரம். வைக்கோலைத் திரவ அம்மோனியாவோடு அழுத்தத்தில் வைத்து, 100 டிகிரி அளவில் சில நிமிடங்கள் சூடேற்றி, அழுத்தத்தைத் திடீரென விடுவித்தால் அம்மோனியா வெளியேறிவிடும்; அதைப் பிடித்து மறுபடி பயன்படுத்தலாம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் டேல் பல்லாண்டுகளாக வளர்த்தெடுத்த ஏஃபெக்ஸ் முறை இது. உள்ளே போனதும் உலர் பொருள், வெளியே வருவதும் உலர் பொருள். கழிவு நீர் இல்லை, சைலான் இழப்பும் இல்லை. மக்காச்சோளத் தட்டையிலும் ஸ்விட்ச்கிராஸிலும் நன்றாக வேலை செய்யும் இம்முறை, ஊசியிலை மரங்களில் எடுபடாமல் போகிறது. எஸ்டர் முடிச்சைப் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இடர் எங்கே என்றால், அழுத்தத்தில் இருக்கும் அம்மோனியா ஆபத்தானது, கசிந்தால் உயிருக்கே உலை. மீட்பில் ஒவ்வொரு சுற்றிலும் தப்பும் சிறு பங்கு, கணக்கில் பெரிதாக வந்து நிற்கும்.

அயனித் திரவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். கலிபோர்னியாவில் அமெரிக்க எரிசக்தித் துறை 2007இல் தொடங்கிய கூட்டு உயிர் ஆற்றல் நிறுவனம் இவற்றில் பெரும்பணி செய்தது. அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் இந்த உப்புகள் செல்லுலோஸையே கரைத்துவிடும். நீர் சேர்த்தால் அது படிக ஒழுங்கை இழந்து மறுபடி வீழ்படிவாகும், பிறகு நொதி அதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். அறிவியலாகப் பார்த்தால் அழகான வேலை. திரவத்தின் விலையையும், வைக்கோலின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், 100க்கு 99 பங்குக்கு மேல் மீட்டாலொழிய இது கட்டுப்படியாகாது என்று தெரியும்.

எந்த முறையானாலும், ஆய்வக எண்களை ஆலைக்கு எடுத்துச் செல்லும்போது எல்லோரையும் சறுக்க வைப்பது திடப்பொருளின் அளவு. ஆய்வுரைகளில் வரும் 90 சதவீத விளைச்சல்களில் பல, 100 மில்லிலிட்டர் நீருக்கு ஒன்றிரண்டு கிராம் பொருள் என்ற நீர்த்த நிலையில் எடுக்கப்பட்டவை. எத்தனாலை வடித்தெடுக்கும் செலவு தாங்க வேண்டுமானால், நொதித்த கரைசலில் குறைந்தது 4 சதவீத எத்தனாலாவது வேண்டும். அதற்கு 8 சதவீதச் சர்க்கரை வேண்டும், அதற்கு 15 முதல் 20 சதவீதத் திடப்பொருளோடு தொடங்க வேண்டும். அந்த நிலையில் கலனில் ஊற்றாக நீர் என்று ஒன்றுமே இராது. புட்டுக்கு விரவிய மாவைப் போல ஈரமாக உதிர்ந்து கிடக்கும். கலக்கும் துடுப்பு சுழல மறுக்கும். நொதி வேலையைத் தொடங்கிச் சில மணி நேரம் கழித்துத்தான் அது இளகிக் கூழாகும். விளைச்சல் அங்கே கண்கூடாகக் குறையும். ஆகவே ஒரு விளைச்சல் எண்ணைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது திடப்பொருளின் சதவீதத்தை. அது இல்லையென்றால் மேற்கொண்டு படிப்பதில்லை.

இனி ஆலைகளுக்கு வருவோம். 2006 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் தம் ஆண்டு உரையில் ஸ்விட்ச்கிராஸின் பெயரைச் சொன்ன பிறகு பணம் கொட்டியது. அமெரிக்காவின் 2007ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம், 2022இல் 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் என்று இலக்கு வைத்தது. நடந்தது அதன் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. கேன்சஸ் மாநிலம் ஹியூகோட்டனில் அபெங்கோவா 2014இல் திறந்த ஆலை அடுத்த ஆண்டின் இறுதியில் நின்றது. ஐயோவாவின் எம்மட்ஸ்பர்க்கில் போயட்–டிஎஸ்எம் 2014இல் திறந்த ஆலை, முன்நேர்த்தியே தன்னை மறித்து நின்ற பெருந்தடை என்று சொல்லி, 2017இல்தான் அதைக் கடந்ததாக அறிவித்தது. 2019இல் உற்பத்தியை நிறுத்தியது.

அதே ஐயோவாவின் நெவாடா ஊரில் 2015இல் டுபான்ட் திறந்த ஆலை என் வாதத்துக்குச் சங்கடமானது. அங்கே பயன்பட்டது நான் உயர்த்திப் பேசிய அம்மோனியாவே. அதுவும் இரண்டே ஆண்டில் கைவிடப்பட்டது. வேதியியல் சரியாக இருப்பது மட்டும் ஆலையைக் காப்பாற்றாது என்பதை ஒப்புக்கொண்டேயாக வேண்டும். எண்ணெய் விலை வீழ்ச்சி, நிறுவன இணைப்புகள் என்று வெளிக்காரணங்களும் இருந்தன. ஆனால் இந்தத் தலைமுறை ஆலைகள் எல்லாவற்றிலும் பொதுவாகக் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. வயலில் கட்டிய கட்டுகளோடு மண்ணும் கல்லும் வரும். உயர் அழுத்தக் கலனுக்குள் பொருளைத் திணிக்கும் திருகு ஊட்டியை அந்த மணல் அரைத்துத் தேய்க்கும். ஈரம் மாறினால் ஊட்டி அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்க ஆலை நிற்கும். வேதியியலாளர்கள் கலனுக்குள் நடப்பதை எழுதிக் குவித்தார்கள், ஆலைகள் கலனின் வாசலிலேயே தடுக்கி விழுந்தன. நெவாடா ஆலையை வாங்கிய வெர்பியோ நிறுவனம் அதை உயிரி எரிவாயு (பயோகேஸ்) ஆலையாக மாற்றியது சாமர்த்தியமான முடிவு என்றே நினைக்கிறேன். சாணத் தொட்டியின் நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு விலை கொடுத்து நொதி வாங்க வேண்டாம், இவ்வளவு கடுமையான முன்நேர்த்தியும் வேண்டாம். பொறுமை மட்டும் வேண்டும்.

பானிபட்டின் நிலையும் இந்த வாசல் சிக்கலோடு பிணைந்ததே. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் கிடைப்பது சில வாரங்கள்தான். அதற்குள் வைக்கோலைக் கட்டி அப்புறப்படுத்தாவிட்டால் விவசாயி தீ வைக்கிறார். அந்தச் சில வாரங்களில் சேர்த்ததை ஆண்டு முழுவதும் மழையிலும் தீயிலுமிருந்து காத்து ஆலைக்குள் செலுத்த வேண்டும். அசாமின் நுமாலிகரில் 2025இல் தொடங்கி வைக்கப்பட்ட ஆலை மூங்கிலை எடுத்துக்கொண்டது. ஃபின்லாந்தின் கெம்போலிஸ் முறையில் அங்கே எத்தனாலோடு ஃபர்ஃபுராலும் அசிட்டிக் அமிலமும் விற்பனைக்கு வருகின்றன. மற்ற ஆலைகளில் ஈஸ்டைக் கொல்லும் பொருள்களை அங்கே பீப்பாயில் அடைக்கிறார்கள். அமிலத்தை ஒதுக்கும் எனக்கே அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

நெல் வைக்கோலுக்கு என்னைக் கேட்டால், நேர்த்தியை ஆலையில் தொடங்காமல் கட்டு அடுக்கி வைக்கும் இடத்திலேயே தொடங்கிப் பார்க்கலாம் என்பேன். ஏஃபெக்ஸ் ஆய்வாளர்கள் முன்வைத்த திட்டமும் இந்தத் திசையில்தான் இருந்தது: வட்டாரத்துக்கு ஒரு சிறு கூடம், அங்கே அம்மோனியா நேர்த்தி, பிறகு கையால் அள்ளக்கூடிய கெட்டியான குச்சி உருண்டைகளாக அழுத்தி ஆலைக்கு அனுப்புவது. உருண்டையாக வந்தால் ஊட்டியும் அடைக்காது, லாரியில் பாதி காற்றை ஏற்றிச் செல்லவும் வேண்டாம். யூரியா போர்வையின் கீழ் மூன்று வாரம் வைக்கோலை ஊறவிடுவதற்கு அழுத்தக் கலன்கூடத் தேவையில்லை. வினை மெதுவானது, முழுமையற்றதுதான். ஆனால் எப்படியும் மாதக்கணக்கில் அடுக்கில் கிடக்கப்போகும் கட்டுக்கு நேரம் ஒரு செலவே அல்ல. இதில் எனக்கு விடை தெரியாத ஒரே கேள்வி விலையைப் பற்றியது. அப்படி நேர்த்தி செய்த வைக்கோல் நல்ல மாட்டுத் தீவனம். எத்தனால் ஆலை கொடுக்கும் விலையைவிடப் பால்மாடு வைத்திருப்பவர் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், கூடத்துக்காரர் அதை யாருக்கு விற்பார் என்று கேட்க வேண்டியதில்லை.